பாதுரியாகாட்டா தாகூர்கள்: கொல்கத்தா பயணக் குறிப்புகள்

ஞாயிறு, பாதுரியாகாட்டா

தாகூர் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் எழுவது ரவீந்திரநாத்தும் அவர் பிறந்த ஜோராசங்கோ இல்லமும்தான். அந்த இல்லத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில், சித்பூர் சாலைக்கு மேற்கே, குடும்பம் இரண்டாகப் பிரிவதற்கு முன் வாழ்ந்த பாதுரியாகாட்டா இருக்கிறது. அங்கேயே தங்கிவிட்ட கிளையினர் ஜமீன்தார்களாக இருந்துகொண்டே வழக்கறிஞர்களாகவும், சம்ஸ்கிருத அறிஞர்களாகவும், இசை ஆய்வாளர்களாகவும், பெரும் கொடையாளர்களாகவும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள். ரவீந்திரரின் ஒளியில் இவர்கள் இப்படி மறைந்துபோயிருக்க வேண்டாம் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. இந்தப் பயணம் முழுக்க அவர்களைத் தேடித்தான்.

கிரிஷ் பார்க் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, டிராம் தண்டவாளம் பதிந்த சித்பூர் சாலையைக் கடந்து, பிரசன்ன குமார் தாகூர் தெருவுக்குள் நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆதலால் கிடங்குகளில் பாதி மூடியிருந்தன. மற்ற நாட்களில் இங்கே கைவண்டிகளுக்கு இடையில் நடப்பதே சிரமம். தெருவில் நின்றபடி அண்ணாந்து பார்த்தால், பிற்காலத்துக் கட்டடங்களின் தலைக்கு மேல் ஒரு கோட்டைக் கோபுரத்தின் பகுதி தெரிகிறது. ஜதீந்திரமோகன் தாகூர் 1890களில் தம் பழைய வீட்டை ஸ்காட்லாந்துக் கோட்டையின் சாயலில் மாற்றிக் கட்டியபோது எழுப்பிய, ஏறக்குறைய 100 அடி உயரக் கோபுரம் அது. இங்கிலாந்திலிருந்து வரவழைத்த கடிகாரம் ஒன்று அதில் இருந்தது. இன்று முகப்பின் பெரும்பகுதியை ஒட்டுக் கட்டடங்கள் மூடிவிட்டன. வளைவு ஒன்றின் சுதை வேலைப்பாட்டின் மேலேயே மின்கம்பிகளை ஆணி அடித்து ஓட்டியிருக்கிறார்கள். மரப்பலகைச் சாளரங்களில் பலகைகள் உதிர்ந்த இடத்தில் தகரம் செருகியிருக்கிறது.

எதிர் வீட்டுத் திண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர், "என்ன பார்க்கிறீர்கள், மஷாய் (ஐயா)?" என்று கேட்டார். சொன்னேன். "எல்லோரும் ஜோராசங்கோவுக்குத்தான் வழி கேட்பார்கள்" என்று சொல்லிவிட்டு, எந்தச் சந்தில் நின்றால் கோபுரம் முழுதாகத் தெரியும் என்று எழுந்து வந்தே காட்டினார். இதே தெருச்சுற்றில்தான் கேலாத் கோஷின் மாளிகையும், ஹரகுடீர் என்னும் பழைய இல்லமும் இருக்கின்றன.

குடும்பத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெசூர் பக்கத்திலிருந்து வந்து கோவிந்தபூரில் குடியேறிய பஞ்சானன் குஷாரி, கங்கையில் வந்து நின்ற அயல்நாட்டுக் கப்பல்களுக்குப் பொருள் வழங்கிப் பணம் சேர்த்தார். 1757க்குப் பின் கிழக்கிந்தியக் கம்பெனி புதிய வில்லியம் கோட்டைக்காகக் கோவிந்தபூரை எடுத்துக்கொண்டபோது, குடும்பம் வடக்கே பாதுரியாகாட்டாவுக்கு நகர்ந்தது. 1784இல் அண்ணன் நீலமணி குலதெய்வத்தை எடுத்துக்கொண்டு ஜோராசங்கோவுக்குப் போய்விட, தம்பி தர்ப்பநாராயண் பழைய இடத்திலேயே இருந்தார். அவர் வணிகத்திலும் கம்பெனி அதிகாரியிடம் திவான் வேலையிலும் ஈட்டிய பணம் நிலமாக மாறியது. 1793இல் வந்த நிரந்தர நிலவரித் திட்டத்தின்படி, குறித்த நாளில் சூரியன் மறைவதற்குள் வரி கட்டத் தவறிய ஜமீன்கள் ஏலத்துக்கு வந்தன. நாட்டோர் என்ற ஊரின் ராஜ குடும்பத்தைப் போன்ற பழைய பெருநிலக்காரர்கள் இழந்ததைக் கொல்கத்தாவின் புதுப்பணக்காரர்கள் வாங்கினார்கள். தாகூர்களும் அவ்வாறே வளர்ந்தார்கள். வட வங்கத்து உழவர்கள் செலுத்திய குத்தகைதான் இந்தத் தெருவில் கோபுரமாகவும் வீணையாகவும் நூலாகவும் ஆகியது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். நில உரிமையாளர்களின் அமைப்பான பிரிட்டிஷ் இந்தியன் அசோசியேஷன் 1885ஆம் ஆண்டின் வங்கக் குத்தகைதாரர் சட்டத்தை எதிர்த்து நின்றது. அந்த அமைப்பின் தலைமையில் இந்தக் குடும்பத்தின் பிரசன்ன குமாரும், அவருடைய அண்ணன் மகன் ஜதீந்திரமோகனும் வெவ்வேறு காலங்களில் இருந்திருக்கிறார்கள்.

ஜதீந்திரமோகனைப் பற்றிய ஒரு செய்தியோடு இன்றைய குறிப்பை முடிக்கிறேன். அடியின் இறுதியில் இயைபு இல்லாமல் வங்க மொழியில் கவிதை எழுதவே முடியாது என்பது அவர் கட்சி. முடியும் என்பது கவிஞர் மைக்கேல் மதுசூதன் தத்தின் கட்சி. இருவரும் பந்தயம் கட்டிக்கொண்டார்கள். மதுசூதன் எழுதிக் காட்டியதும், தோற்ற ஜதீந்திரமோகன் முகம் சுளிக்காமல் அந்தக் காவியத்தின் அச்சுச் செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்டார்; 1860இல் நூல் வெளிவந்தது. வங்கக் கவிதையின் போக்கை மாற்றிய ஒரு முயற்சி, தன் கருத்தைப் பொய்யாக்கியவனுக்கே பணம் கொடுத்த ஒரு ஜமீன்தாரால் அச்சேறியது. புரவலர் என்ற சொல்லுக்கு இதைவிடத் தகுதியான செயல் எனக்குத் தெரியவில்லை.

திங்கள், கல்லூரித் தெரு

இன்று நான் தேடியது கட்டடத்தை இல்லை, ஓர் உயிலை. கல்லூரித் தெருவில் பிரெசிடென்சி பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் பழைய புத்தகக் கடைகளில், சட்ட நூல்கள் மட்டும் விற்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்து, தாகூர் சட்டச் சொற்பொழிவுகளின் பழைய பதிப்பு ஏதேனும் உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் ஏணியில் ஏறி, தோல் முதுகு பொடிப்பொடியாக உதிரும் ஒரு தடித்த நூலை எடுத்துத் தந்தார். விரலில் செம்மண் நிறத்தில் தோல்தூள் ஒட்டிக்கொண்டது. உள்ளே எவரோ ஒரு வழக்கறிஞர் ஊதா மையில் ஓரக்குறிப்பு எழுதி, தீர்ப்பு எண்களைத் தொடுத்து வைத்திருந்தார். ஐந்தாறு பக்கங்களுக்கு ஒரு முறை அந்தக் கையெழுத்து திரும்பவும் வந்தது. வேலை செய்த நூல் அது.

இந்தச் சொற்பொழிவுகளை நிறுவியவர் பிரசன்ன குமார் தாகூர் (1801–1868). அவர் தந்தை கோபிமோகன், 1817இல் தொடங்கிய இந்துக் கல்லூரியின் நிறுவனர்களில் ஒருவர்; அந்தக் கல்லூரிதான் இன்று நான் சாய்ந்து நின்ற சுவருக்கு உள்ளே இருக்கும் பிரெசிடென்சி. பிரசன்ன குமார் பிறவிச் செல்வந்தராக இருந்தும் சட்டம் படித்து, கம்பெனி காலத்து உயர் உரிமையியல் நீதிமன்றமான சதர் திவானி அதாலத்தில் அரசு வழக்கறிஞராக உயர்ந்தவர். 1831இல் வங்காளி ஒருவர் தாமே நடத்திய முதல் நாடக அரங்கை அமைத்தவரும் அவரே. 1862இல் எழுதிய உயிலில், கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ஒரு சட்டப் பேராசிரியர் பதவிக்காக மாதம் 1000 ரூபாய் என்றென்றைக்கும் வழங்கும்படி ஏற்பாடு செய்தார். பேராசிரியர் ஆண்டுதோறும் சொற்பொழிவாற்ற வேண்டும். அது அச்சிடப்பட வேண்டும். குறைந்தது 500 பிரதிகள் இலவசமாக வழங்கப்பட வேண்டும். இந்தக் கடைசி விதிதான் என்னைக் கவர்கிறது. அரங்கில் நூறு பேர் கேட்டுவிட்டுக் கலையும் பேச்சுக்குப் பணம் கொடுப்பது எளிது. தொலைதூர மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் ஒருவரின் மேசைக்கு அது நூலாகப் போய்ச் சேர வேண்டும் என்று உயில் எழுதும்போதே நினைத்துப் பார்ப்பதற்குத் தனி மனம் வேண்டும்.

அதே உயிலுக்குத் துயரமான இன்னொரு பகுதி உண்டு. அவருடைய ஒரே மகன் ஞானேந்திரமோகன் 1851இல் கிறிஸ்தவராகி, கிறிஸ்தவப் போதகர் கிருஷ்ணமோகன் பானர்ஜியின் மகளை மணந்தார். தந்தை மனம் உடைந்தார். லண்டன் சென்ற மகன், 1862இல் லிங்கன்ஸ் இன் என்னும் வழக்கறிஞர் மன்றத்தில் பாரிஸ்டராகத் தகுதி பெற்றார். அங்கே அந்தத் தகுதியை அடைந்த முதல் இந்தியர் அவர். அதே ஆண்டில் தந்தை எழுதிய உயிலில் மகனுக்கு எதுவும் இல்லை. சொத்து அண்ணன் மகன் ஜதீந்திரமோகனுக்கு, அவருக்குப் பின் அவருடைய ஆண் வழியினருக்கு, அதற்குப் பின் அவர்களின் வழியினருக்கு என்று, இன்னும் பிறக்காத தலைமுறைகள் வரைக்கும் வரிசை கட்டி எழுதியிருந்தார். ஞானேந்திரமோகன் வழக்குத் தொடுத்தார். 1872இல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது: உயில் எழுதியவர் இறக்கும் வேளையில் உலகில் இல்லாத ஒருவருக்கு இந்துச் சட்டப்படி கொடை செல்லாது, ஆகவே ஜதீந்திரமோகனுக்கு ஆயுள் உரிமை மட்டுமே உண்டு, அதன் பின் சொத்து சட்டப்படியான வாரிசுக்கே திரும்பும்.

சட்டத்தில் தேர்ந்த ஒருவர் எழுதிய உயில், இந்தியச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் வழக்காக ஆகிவிட்டது. அதன் விளைவு சென்னை வரைக்கும் வந்தது. பிறக்காதவருக்கு எழுதும் உயில் அடியோடு செல்லாது என்ற நிலையால் இந்துக் குடும்பங்கள் பட்ட தொல்லையைத் தீர்க்க, சென்னை மாகாணத்தில் 1914இல் தனிச் சட்டம் இயற்றினார்கள். நாட்டின் பிற பகுதிகளுக்கு 1916இல் சட்டம் வந்தது. நம் ஊர்ப் பழைய பாகப்பிரிவினை வழக்குகளைப் புரட்டினால் பாதுரியாகாட்டாவின் பெயர் அடிக்கடி தென்படுவதற்குக் காரணம் இதுதான்.

இந்த உயிலை நெடுநேரம் எண்ணிக்கொண்டே நடந்தேன். தன் சொத்து தன் வழியினர் கையில் என்றென்றைக்கும் நிற்க வேண்டும் என்று அவர் கட்டிய வரிசையைச் சட்டம் உடைத்துவிட்டது. மாணவர்களுக்காக அவர் என்றென்றைக்கும் என்று எழுதிய வரி நின்றது. 1870இல் ஹெர்பர்ட் கோவெல் முதல் சொற்பொழிவை ஆற்றினார். ராஷ்பிஹாரி கோஷ், குருதாஸ் பானர்ஜி, அமீர் அலி, பிரெடரிக் பொல்லாக், ஜெயஸ்வால், ராதாவினோத் பால் என்று அந்த மேடையில் வந்தவர்களின் வரிசை இந்தியச் சட்டச் சிந்தனையின் வரிசையாகவே இருக்கிறது. 1898இல் அங்கே பேசிய ஆசுதோஷ் முகர்ஜி எடுத்துக்கொண்ட பொருள், சொத்தைத் தலைமுறைகள் கடந்து முடக்கி வைப்பதற்குச் சட்டம் விதிக்கும் எல்லை. உயில் எழுதியவரின் பணத்தில் நடந்த சொற்பொழிவிலேயே அந்த உயிலின் பிழை விரிவாக ஆராயப்பட்டது. கல்விக்குக் கொடுக்கிறவன் இதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறான்.

செவ்வாய், முலாஜோர்

சியால்தாவிலிருந்து உள்ளூர் ரயிலில் சியாம்நகர். அங்கிருந்து டோட்டோ என்னும் மின் ரிக்‌ஷாவில் கங்கைக் கரைக்கு. கோபிமோகன் தாகூர் 1809இல் எழுப்பிய பிரம்மமயி காளி கோவில் முலாஜோரில் இருக்கிறது. இளம் வயதில் இறந்த அவருடைய மகள் பிரம்மமயியின் உடல் ஆற்றில் இங்கே கரை ஒதுங்கியதாகவும், அவள் பெயராலேயே அம்மனை நிறுவியதாகவும் ஊரார் சொல்கிறார்கள். பௌஷ (மார்கழி) மாதச் செவ்வாய் ஆனதால் கூட்டம் நெருக்கியடித்தது. இந்த மாதத்தில் அம்மனுக்கு இரட்டை முள்ளங்கி படைப்பது இந்தக் கோவிலின் வழக்கம். இலையோடு கட்டிய வெள்ளை முள்ளங்கி இணைகளைப் பெண்கள் பூஜைத்தட்டில் செம்பருத்தி மாலைக்கு நடுவே வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். மண் வாடை கோவில் முழுக்க வீசியது.

எனக்கு இங்கே வேலை அம்மனிடம் மட்டுமில்லை. தாகூர்களின் ஆதரவில் முலாஜோரில் ஒரு சம்ஸ்கிருதக் கல்லூரி நடந்திருக்கிறது. நியாயம் என்னும் தர்க்கமும் ஸ்மிருதி என்னும் தர்மநூலும் கற்ற பண்டிதர்கள் இங்கிருந்து வந்தார்கள். நகரத்தில் ஆங்கிலக் கல்விக்கு இந்துக் கல்லூரியை அமைக்க முன்னின்ற அதே குடும்பம், ஆற்றங்கரை ஊரில் டோல் என்னும் பழைய சம்ஸ்கிருதப் பாடசாலை மரபைக் காத்திருக்கிறது. கோபிமோகனே சம்ஸ்கிருதத்தோடு பாரசீகம், ஆங்கிலம், பிரெஞ்சு, போர்ச்சுகீசியம் எல்லாம் அறிந்தவர் என்பதால், இரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாக அவர் எண்ணியிருக்க மாட்டார். பிற்பகல் ரயிலிலேயே திரும்பிவிட்டேன்.

புதன், தேசிய நூலகம்

இந்தப் பயணத்தில் நான் மிகவும் எதிர்பார்த்திருந்த நாள். அலிப்பூரில் தேசிய நூலகத்தின் வாசிப்பு அறையில் அமர்ந்து, சௌரீந்திரமோகன் தாகூரும் அவருடைய ஆசிரியர் க்ஷேத்திரமோகன் கோஸ்வாமியும் வெளியிட்ட பழைய இசை நூல்களைக் கேட்டு வாங்கினேன்.

சௌரீந்திரமோகன் (1840–1914) ஜதீந்திரமோகனின் தம்பி. இருவரும் ஹரகுமாரின் பிள்ளைகள். ஹரகுமார் சம்ஸ்கிருதத்திலும் இசையிலும் ஆழ்ந்த பயிற்சி உடையவர். அண்ணன் நாடகத்தையும் கவிஞர்களையும் ஆதரித்தார். தம்பி இசையைக் கேட்டு மகிழும் ஜமீன்தாராக நின்றுவிடாமல், அதைக் கற்கவும் எழுதவும் கற்பிக்கவும் தம் வாழ்நாளைக் கொடுத்தார். 1858இல் பெல்காச்சியா நாடக அரங்குக்காக க்ஷேத்திரமோகன் நம் கருவிகளைக் கொண்டே ஒரு பல்லியக் குழுவை அமைத்தார். இந்தியக் கருவிகளால் ஆன முதல் ஆர்க்கெஸ்ட்ரா என்று அதைத்தான் சொல்கிறார்கள். குழுவாக வாசிக்க வேண்டுமானால் எல்லோர் முன்னும் ஒரே மாதிரி எழுதிய தாள் இருக்க வேண்டும். அந்தத் தேவையிலிருந்து பிறந்ததுதான் தண்டமாத்திரிக் என்னும் சுரக்குறிப்பு முறை.

அதன் ஒரு பக்கத்தை இன்று கையால் படியெடுத்தேன். ஒரே வரியில் ச ரி க ம எழுத்துகள் வங்க லிபியில் நிற்கின்றன. ஒவ்வோர் எழுத்தின் தலைமேலும் செங்குத்தாகச் சிறு கோடுகள், அவைதாம் மாத்திரை. ஒரு கோடு என்றால் ஒரு மாத்திரை, இரண்டு கோடு என்றால் இரண்டு. மேல் ஸ்தாயிக்கு எழுத்தின் மேல் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் கீழே புள்ளி. மெதுவாக விரலை ஓட்டினால் இசைப் பயிற்சி அதிகம் இல்லாத எனக்கே கீதத்தின் நடை பிடிபட்டது. அச்சுக்கோப்பவர் பாடு நினைத்துப் பார்க்கத்தக்கது: ஈய எழுத்து ஒவ்வொன்றின் தலையிலும் தனியாகக் கோடு பொருத்தியிருக்கிறார்கள், சில இடங்களில் கோடு சாய்ந்து பக்கத்து எழுத்தின் மேல் விழுந்திருக்கிறது.

இந்த முறைக்கு எதிர்ப்பும் கிளம்பியது. கல்வித்துறை ஆய்வாளரும் தாவரவியல் அறிஞருமான சார்லஸ் பாரன் கிளார்க், வங்க இசையை ஐரோப்பிய ஐங்கோட்டு முறையிலேயே எழுத வேண்டும் என்று 1874இல் கடுமையாக எழுதினார். சௌரீந்திரமோகன் பதில் எழுதினார்: நம் இசைக்கு வேண்டிய அளவு நம் குறிப்பு முறையிலேயே இருக்கிறது, நம் பிள்ளைகள் தமக்குத் தெரிந்த எழுத்திலேயே படிக்கலாம் என்பது அவர் வாதத்தின் சாரம். வங்காளத்திலேயே கிருஷ்ணதன் பந்தியோபாத்தியாய் போன்றவர்கள் ஐங்கோட்டு முறையின் பக்கம் நின்றார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆனாலும் தெருப் பள்ளியில் எழுத்துக் கற்ற ஒரு சிறுவன் மறுநாளே வாசித்துப் பார்க்கக்கூடிய முறை எது என்று கேட்டால், நான் சௌரீந்திரமோகனோடுதான் நிற்பேன். அவர் 1871இல் தொடங்கிய வங்க இசைப் பள்ளி அந்த எழுத்தைத்தான் நம்பியது. பரம்பரைக்குள் அடைபட்டுக் கிடந்த வித்தையை, சித்பூர் சாலையில் வகுப்பறை வைத்து, பாடநூல் அச்சிட்டு, தேர்வு நடத்திக் கற்பித்தது அந்தக் காலத்தில் பெரிய துணிச்சல்.

அவருடைய இன்னொரு பெரும் செயல், கருவிகளை உலகுக்கு அனுப்பியது. 1876இல் பெல்ஜியம் அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறக்குறைய நூறு இந்தியக் கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். 1877இல் பிரஸ்ஸல்ஸில் இசைக்கருவி அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது அதற்கு அடித்தளமாக அமைந்தவை இரண்டு தொகுப்புகள்: ஃபெட்டிஸ் என்ற இசை அறிஞரின் சேகரிப்பு ஒன்று, பாதுரியாகாட்டாவிலிருந்து போனது மற்றொன்று. லண்டன் ராயல் இசைக் கல்லூரிக்கும் 1884இல் கருவிகள் போயின. கொல்கத்தா இந்தியன் மியூசியத்துக்கும் கொடுத்திருக்கிறார். இவற்றில் எனக்கு மிக வியப்பூட்டியது நியாஸ்தரங்கம். சிறு எக்காளம் போன்ற பித்தளைக் குழல்கள் இரண்டை வாயில் வைக்காமல் தொண்டையின் இருபுறமும் அழுத்திக்கொள்ள வேண்டும். குழலின் உள்ளே சிலந்தியின் முட்டைக்கூட்டிலிருந்து எடுத்த மெல்லிய படலம் பொருத்தியிருக்கும். வாசிப்பவர் வாய் திறக்காமல் முனகினால், தொண்டையின் அதிர்வு அந்தப் படலத்தில் பட்டு நாணல் குழல் போன்ற ஒலியாக வெளியே வரும். சௌரீந்திரமோகனின் வட்டத்தைச் சேர்ந்த காளிபிரசன்ன பந்தியோபாத்தியாய் இதில் பெயர் பெற்றவர். இன்று இதை வாசிக்கத் தெரிந்தவரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கருவி மட்டும் அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கிறது.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1896இல் அவருக்கு இசையில் முனைவர் பட்டம் வழங்கியது. பட்டங்களும் பதக்கங்களும் அவருக்குப் பிடித்தமானவை. பிரிட்டிஷ் அரச குடும்பத்தைப் புகழும் பாடல்களுக்கு இந்திய ராகங்களில் இசை அமைத்து அவர் வெளியிட்டவற்றை இன்று படிக்கையில் எனக்கு உவப்பாக இல்லை. அதே அச்சகத்தில் அதே ஆண்டுகளில் வந்த சிதார் பாடநூலையும் கருவிகளின் அகராதியையும் கையில் எடுக்கும்போது மனம் ஆறுகிறது.

அண்ணன் ஜதீந்திரமோகனின் அவையில், பெரிய சிதார் போன்ற கருவியான சுர்பஹாரில் வித்தகர் சஜ்ஜாத் முகமது இருந்தார். அவர் வாசிப்பைக் கேட்டே இம்தாத் கான் தம் பாணியை வளர்த்துக்கொண்டார். இம்தாத் கானின் பேரன்தான் சிதார் மேதை விலாயத் கான். அதே அவைப் பாடகரான நூலோ கோபாலிடம் வீட்டை விட்டு ஓடிவந்த ஒரு சிறுவன் ஆண்டுக்கணக்கில் சுரப் பயிற்சி செய்தான். பிற்காலத்தில் ரவிசங்கருக்கும் அலி அக்பர் கானுக்கும் குருவான அலாவுதீன் கான் அவர். இருபதாம் நூற்றாண்டின் சிதார் இசையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட இரண்டு பெருமரபுகளும் ஒரே ஜமீன் வீட்டின் கூடத்தைக் கடந்து வந்தவை என்பதை நம் கச்சேரி ரசிகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

வியாழன், விஷ்ணுபூர்

க்ஷேத்திரமோகன் கற்ற இடத்தைப் பார்க்காமல் போக மனமில்லாததால் அதிகாலை ரயிலைப் பிடித்தேன். மல்ல மன்னர்களின் தலைநகரான விஷ்ணுபூரில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ராம்சங்கர் பட்டாச்சாரியா துருபத் என்னும் பழைய வட இந்தியப் பாட்டு வகையைக் கற்பித்தார். க்ஷேத்திரமோகன் அவருடைய மாணவர். ஜோராசங்கோவில் பாடம் சொன்ன ஜது பட்டரும் அவரிடம் கற்றவரே. மன்னர்களின் செல்வம் கரைந்ததும் பாடகர்கள் கொல்கத்தா ஜமீன்களை நோக்கிப் போனார்கள். 1643ஆம் ஆண்டின் சியாம்ராய் கோவில் சுவரில் சுடுமண் பலகைகளில், கண்ணனும் கோபியரும் ஆடும் ராசமண்டலம் வட்டம் வட்டமாகச் சுழல்கிறது. ராம்சரண் இசைக் கல்லூரியின் வாசலில் சற்று நின்றேன். விடுமுறை நாளாகையால் பாட்டுக் கேட்கவில்லை. ஊரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இன்றைக்கு இவ்வளவு போதும்.

வெள்ளி, மரகத குஞ்சமும் ஜோராசங்கோவும்

வடக்கே பி.டி. (பாரக்பூர் டிரங்க்) ரோட்டில் பாதுரியாகாட்டா தாகூர்களின் தோட்ட மாளிகை இருந்தது. மரகத குஞ்சம் என்று பெயர். பதின்பருவத்தில் ரவீந்திரர் நாவலாசிரியர் பங்கிம் சந்திரரை முதன்முதலில் கண்டது இங்கே நடந்த பழைய மாணவர் கூட்டம் ஒன்றில்தான். 1962இல் ஜோராசங்கோ இல்லத்தில் தொடங்கிய ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம், பிற்பாடு இந்தத் தோட்டத்தையும் தன் வளாகமாக்கிக்கொண்டது. 1784இல் பிரிந்துபோன அண்ணன் தம்பியின் வழியினர் கட்டிய இரண்டு வீடுகளும் இசையும் நாடகமும் ஓவியமும் கற்பிக்கும் ஒரே பல்கலைக்கழகத்துக்குள் வந்து சேர்ந்துவிட்டன.

மதியம் ஜோராசங்கோவுக்கும் போனேன். அங்கே கூட்டம் எப்போதும் போல் இருந்தது. வளாகத்து மரத்தடியில் எஸ்ராஜ் என்னும் வில்லிசைக் கருவியின் உறைகளோடு உட்கார்ந்திருந்த மாணவிகள் சிலரிடம், நூலகத்தில் படியெடுத்த தண்டமாத்திரிக் பக்கத்தைக் காட்டினேன். அவர்கள் அன்றாடம் படிப்பது ரவீந்திரரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத் செம்மைப்படுத்திய ஆகாரமாத்திரிக் முறை. ரவீந்திர சங்கீதம் முழுவதும் அதில்தான் அச்சாகியிருக்கிறது. "தாதா (அண்ணா), கோடெல்லாம் ஏன் தலைக்கு மேல் இருக்கிறது?" என்று ஒருத்தி கேட்டாள். மாத்திரைக் கணக்கைச் சொன்னதும், மற்றவள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே முதல் வரியைப் பாடிப் பார்த்தாள். மூன்றாவது சுரத்தின் மேல் இருந்த ஒரு குறி கோமளமா (சுரம் அரைப்படி தாழ்ந்ததா) இல்லையா என்று இருவருக்கும் வாதம் வந்துவிட்டது. ஆசிரியரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லித் தாளைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பாதுரியாகாட்டாவின் கடைசிப் பெரிய பெயரான பிரத்யோத் குமார் தாகூரைப் பற்றி எழுத இடமில்லாமல் போயிற்று. சௌரீந்திரமோகனின் மகனாகப் பிறந்து ஜதீந்திரமோகனுக்குத் தத்துப் போனவர் அவர். கொல்கத்தா நுண்கலை அகாதெமி 1933இல் உருவானதில் அவர் பங்கு பெரியது. அடுத்த குறிப்பு அவரைப் பற்றியே இருக்கும். அதற்கிடையில், இதைப் படிக்கிறவர்களில் யாரேனும் பிரஸ்ஸல்ஸில் வசித்தால், ஓல்டு இங்கிலாந்து என்ற பழைய கடைக் கட்டடத்தில் இருக்கும் இசைக்கருவி அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய், தாகூர் அனுப்பிய கருவிகளில் எவையெவை இன்று காட்சியில் இருக்கின்றன, நியாஸ்தரங்கம் அவற்றுள் இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.